பாகமும் ஃபாதமும்

ராமேஸ்வரம் தீவிலுள்ள தங்கச்சிமடத்தில் மாலை வேளைகளில் மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். அவர்கள் கையில் இருக்கும் கைடுகளில் ஒவ்வோர் ஆங்கிலச் சொல்லுக்கும் எதிரே ஒரு தமிழ்ச் சொல் அச்சிடப்பட்டிருக்கும். பிள்ளைகள் அதை உருப்போட்டுத் தேர்வில் எழுதிவிட்டு, விடுமுறைக்குள் மறந்துவிடுகிறார்கள். ஆங்கிலத்தில் அறிவையும் மனநிலையையும் வாய்ப்பையும் குறிக்கிற பல சொற்கள் கடலிலிருந்து கரையேறி வந்தவை. அவற்றின் பழைய பொருளைச் சொல்லிக்கொடுத்தால், கடலைப் பற்றிய பேச்சைக் கேட்டே வளரும் இந்தப் பிள்ளைகளுக்கு அந்தச் சொற்கள் எளிதில் வசப்படுகின்றன. அப்படிச் சொல்லிக்கொடுத்த சில சொற்களைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

முதலில் ஃபாதம். பழைய ஆங்கிலத்தில் இதற்கு விரித்த இரு கைகள் என்றும் அணைப்பு என்றும் பொருள். இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டினால் ஒரு கையின் விரல் நுனியிலிருந்து மறு கையின் விரல் நுனி வரை எவ்வளவு நீளம் வருமோ, அதுவே கயிற்றையும் கடலின் ஆழத்தையும் அளக்கும் அலகாகி, பின்னாளில் 6 அடி, அதாவது ஏறத்தாழ 1.83 மீட்டர் என்று நிலைபெற்றது. இதை நான் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோதே பின்வரிசைச் சிறுவன் ஒருவன், "சார், அது பாகம்தானே?" என்று கேட்டுவிட்டான். கேட்டதோடு நில்லாமல் எழுந்து வந்து, இல்லாத கயிற்றை இரு கைகளாலும் பிடித்து, மார்புக்குக் குறுக்கே இழுத்து விரித்து, வலக்கையில் இருந்த இடத்தை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு மறுபடியும் விரித்து, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணிக் காட்டினான். நங்கூரக் கயிற்றை அவனுடைய தாத்தா அப்படித்தான் அளப்பாராம். எந்த அகராதியும் அந்தச் சொல்லை அவ்வளவு தெளிவாக விளக்கியதில்லை.

ஃபாதம் என்பது வினையாக வரும்போது முதலில் தழுவுதலையும், பின்பு ஆழம் அளத்தலையும், அதற்கும் பின்பு ஒன்றை அடிவரை புரிந்துகொள்வதையும் குறித்தது. கையை நீட்டி அணைத்த சொல் அறிவைக் குறிக்கும் சொல்லாக வளர்ந்த இந்தப் பயணத்தைக் கைடு ஒரே சொல்லில் 'புரிந்துகொள்' என்று முடித்துவிடுகிறது. நாமும் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்து அவருடைய மனத்தை அறிய முயல்வதை ஆழம் பார்ப்பது என்றுதானே சொல்கிறோம்? ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று வீட்டில் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு 'அன்ஃபாதமபிள்' என்ற நீண்ட சொல்லும் அச்சம் தருவதில்லை. எத்தனை பாகம் கயிறு விட்டாலும் தரை தட்டாதது என்று அவர்களே சொல்லிவிடுகிறார்கள்.

இதோடு சேர்த்து மார்க் ட்வெய்ன் என்ற பெயரையும் சொல்லிக்கொடுக்கிறேன். அமெரிக்க எழுத்தாளரான சாமுவேல் கிளெமன்ஸ் மிசிசிப்பி ஆற்றில் நீராவிப் படகுகளைச் செலுத்தியவர். அங்கே ஆழம் பார்ப்பவர் ஈயக்குண்டு கட்டிய கயிற்றை நீரில் இறக்கி, இரண்டு ஃபாதம், அதாவது 12 அடி நீர் இருக்கிறது என்பதைக் குறிக்க எழுப்பிய குரல்தான் 'மார்க் ட்வெய்ன்'; படகு தரை தட்டாமல் போகலாம் என்பது அதன் பொருள். அதையே அவர் தம் புனைபெயராக வைத்துக்கொண்டார். "அப்ப அவர் பேரு ரெண்டு பாகமா சார்?" என்று ஒரு மாணவி வியந்து கேட்டாள். ஆம், அதேதான்.

அடுத்தது அலூஃப். ஒட்டாமல் ஒதுங்கியிருப்பது, சற்றே கர்வத்தோடு விலகி நிற்பது என்று இன்று பொருள் கொள்கிறோம். ஆனால் இது பாய்மரக் கப்பலின் சொல். காற்று வரும் திசையைக் குறிக்கும் ஒரு பழைய சொல்லிலிருந்து பிறந்தது. எங்கள் ஊர் தீவின் வடகரையில், பாக் நீரிணையைப் பார்த்தபடி இருக்கிறது. வாடைக்காற்று வீசும் மாதங்களில் பாய் விரித்த வல்லம் ஒன்று கரைக்கு அருகில் வந்தால் காற்று அதைக் கரையை நோக்கியே தள்ளும். தரையில் மோதாமல் காக்க வேண்டுமானால் முகப்பை வாடைக்கு நேராகத் திருப்பிப் பிடிக்க வேண்டும். அப்படிக் காற்றை எதிர்கொண்டு கரையிலிருந்து விலகி நிற்பதே அலூஃப். வேர்ப்பொருளில் கர்வம் சிறிதும் இல்லை. படகையும் உயிரையும் காப்பதற்கான விலகல் அது. தனித்திருக்கும் ஒருவரைப் பற்றி இந்தச் சொல்லைப் படிக்கும்போதெல்லாம், அவர் எந்தக் காற்றை எதிர்த்து நிற்கிறாரோ என்றும் எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது.

ஓவர்வெல்ம் என்ற சொல்லை நான் சற்றுத் தயங்கியே எடுத்தேன். மகிழ்ச்சியிலும் துயரத்திலும் மனம் நிரம்பித் தத்தளிப்பதற்கு இன்று அதைப் பயன்படுத்துகிறார்கள். அதன் பகுதியான வெல்ம் என்பதற்குக் கவிழ்த்தல், தலைகீழாகப் புரட்டுதல் என்று பழைய பொருள். 1964 டிசம்பர் 22 இரவில் வீசிய புயலும் அதோடு எழுந்த கடலும் தனுஷ்கோடியை அழித்து, பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் ரயிலையும் கொண்டுபோன கதையை இந்தத் தீவில் எல்லா வீட்டுப் பெரியவர்களும் சொல்லியிருப்பார்கள். ஆகவே இதற்கு நான் வேறு விளக்கம் தேடவில்லை. சிறிய மகிழ்ச்சிக்கெல்லாம் இந்தச் சொல்லைப் போடக்கூடாது என்று மட்டும் சொல்லிவைத்திருக்கிறேன்.

ஆபர்ச்சூனிட்டி என்ற சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. துறைமுகத்தை நோக்கி வீசும் காற்றை ரோமானியர்கள் அப்படிக் குறித்தார்கள். தக்க வேளையில் வாய்த்த காற்று பிறகு தக்க வேளையையே குறிக்கலாயிற்று. நம்மிடமும் வாய்ப்பைச் சொல்லக் காற்றுதான் வருகிறது, ஆனால் களத்துமேட்டிலிருந்து வருகிறது: காற்றுள்ள போதே தூற்றிக்கொள். அரைவ் என்பதும் லத்தீன் வழி வந்ததே. கரையை அடைதல் என்பதே அதன் முதற்பொருள். பிறகுதான் எந்த இடத்துக்கு வந்து சேர்வதற்கும் பொதுவாயிற்று. பெண்ணைக் கரை சேர்க்க வேண்டும், கடனிலிருந்து கரையேற வேண்டும் என்று பேசும் மக்களுக்கு இதில் விளக்க எதுவும் இல்லை.

அஸ்ட்ரோநாட், ஏரோநாட்டிக்ஸ் ஆகிய சொற்களில் உள்ள 'நாட்' கிரேக்கத்தில் மாலுமியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. அதற்கும் மூலம் கப்பல் என்னும் சொல். விண்வெளி வீரர் என்பவர் வேர்ப்பொருளில் விண்மீன்களிடையே செல்லும் மாலுமி. ராமேஸ்வரத்தில் படகு வைத்திருந்த குடும்பத்தில் பிறந்த அப்துல் கலாம் சென்னையில் படித்த படிப்பின் பெயருக்குள்ளும் கப்பல் இருந்தது என்று சொன்னபோது வகுப்பில் எழுந்த மகிழ்ச்சியை நான் பெரிதும் மதிக்கிறேன்.

ஆனால் இந்த இடத்தில் ஒரு கவனம் தேவை. நேவி என்ற சொல் நம் நாவாயிலிருந்து போனது என்று உறுதியாகச் சொல்பவர்கள் உண்டு. அந்தச் சொல் லத்தீனின் நாவிஸ் என்பதிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது என்பதற்குச் சான்றுகள் இருக்கின்றன. ஒலி ஒத்திருப்பது மட்டுமே உறவுக்குச் சான்றாகாது. தமிழிலிருந்து உண்மையாகவே சென்ற சொற்கள் இருக்கும்போது இல்லாத பெருமை நமக்கு எதற்கு? கட்டமரான் நம் கட்டுமரம்தான். 1697இல் வெளிவந்த, வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலேய மாலுமியின் பயண நூலிலேயே அது இடம்பெற்றுவிட்டது. மரத்துண்டுகளைச் சேர்த்துக் கட்டிய மிதவை என்ற பொருளில் போன சொல், இன்று இரண்டு உடல்களை இணைத்துக் கட்டிய விரைவுக் கப்பலைக் குறிக்கிறது. கட்டுதல் என்ற வினை இரண்டுக்கும் பொதுவாக இருப்பதால் இந்த மாற்றத்தைப் பிழை என்று நான் கருதவில்லை.

மான்சூன் என்றால் மழை என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். பருவம் என்னும் பொருளுடைய மவ்ஸிம் என்ற அரபுச் சொல், போர்த்துகீசியர் வாயில் உருமாறி ஆங்கிலத்துக்கு வந்தது. கப்பல் செலுத்தியவர்களுக்கு அது காற்று திசை மாறும் காலம். கீழக்கரையின் மரக்காயர் குடும்பங்களுக்கு அரபு புதிய மொழி அன்று. அங்கிருந்து வரும் மாணவர் ஒருவர் மவ்ஸிம் என்றதுமே பொருளைச் சொல்லிவிட்டார்.

கடைசியாக செரன்டிபிடி. ஹோரஸ் வால்போல் என்ற ஆங்கிலேயர் 1754இல் தம் நண்பருக்கு எழுதிய கடிதத்தில் உருவாக்கிய சொல் இது. செரன்டிப் என்பது அரேபியரும் பாரசீகரும் இலங்கைக்கு வழங்கிய பழைய பெயர்; அந்நாட்டு இளவரசர் மூவரைப் பற்றிய கதையிலிருந்து அவர் அதை எடுத்தார். கைடுகள் இதற்குத் தற்செயல் என்றோ அதிர்ஷ்டம் என்றோ பொருள் தருகின்றன, இரண்டும் போதா. தேடாத ஒன்று தற்செயலாக எதிர்ப்பட வேண்டும், அதைக் கண்டுகொள்ளும் கூரிய அறிவும் இருக்க வேண்டும் என்று இரண்டையும் சேர்த்தே வால்போல் எழுதினார். பிள்ளைகளின் கைடில் தற்செயல் என்று அச்சாகியிருந்த இடத்தில், 'எதிர்பாராமல் வந்ததைக் கண்டறியும் திறன்' என்று பென்சிலால் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.