பூச்சியியல் பேப்பர்: ஈயின் வாயை ஆண், பெண் என்று பிரித்துப் படியுங்கள்

ரிசல்ட் வந்துவிட்டது, ஏ கிடைத்தது. இப்போதுதான் நிம்மதியாகத் தூங்குகிறேன். பினாங்கு ஜூனியர்கள் நோட்ஸ் கேட்கிறீர்கள். நோட்ஸ் எல்லாரிடமும் ஒன்றுதான். எனக்கு மார்க் வாங்கித் தந்தது ஒரு பழக்கம்.

டிப்டெராவில் (ஈ, கொசு அடங்கிய பூச்சி வரிசை) எந்த வாயுறுப்பை வரைந்தாலும் பக்கத்தில் ஆண், பெண் என இரண்டு கட்டம் போடுங்கள். ஊசி ஊசியாக நாம் வரையும் ‘கொசுவின் வாய்’ பெண்ணுடையது. ஆண் கொசு இரத்தம் குடிப்பதில்லை. குதிரை ஈயில் பெண்ணுக்குக் கத்திபோல மேண்டிபிள் (தாடை), ஆணுக்கு அது கிடையாது. முட்டைக்குப் புரதம் வேண்டும், அதுதான் காரணம். தொழுவ ஈயில் இரண்டு பாலும் கடிக்கும், மேண்டிபிள் இரண்டுக்கும் இல்லை. லேபியத்தின் (கீழுதட்டின்) நுனிப் பற்கள்தான் தோலைக் கிழிக்கும். இந்த விதிவிலக்கைத்தான் கேட்பார்கள்.

லேப் டெஸ்டில் எங்களுக்கு வைத்த மாதிரிகள் சிலவற்றில் வாயே உடைந்திருந்தது. இன்னும் கோபம் தீரவில்லை. ஆனாலும் பால் தெரிந்தால் பாதி விடை வந்துவிடும்: குதிரை ஈயில் கண்கள் நடுவில் ஒட்டியிருந்தால் ஆண், கொசுவில் உணர்கொம்பு இறகுபோல அடர்ந்திருந்தால் ஆண்.

இனச்சேர்க்கைக் கேள்விக்கும் அதே கட்டங்கள்தான். நடன ஈயில் ஆண் இரையைப் பிடித்துக் கொடுக்கும். பெண் அதைத் தின்னும்போதே இணை சேரும். ஹிலாரா என்ற நடன ஈ வகையில் ஆண் முன்காலிலிருந்து வரும் பட்டில் பரிசைச் சுற்றும்.

பழ ஈயை மட்டும் விட்டுவிடாதீர்கள். துளசியிலும் உள்ள மெத்தில் யூஜெனால் என்ற மணப்பொருளைப் பாக்ட்ரோசெரா டோர்சாலிஸ் என்ற பழ ஈயின் ஆண் ஒற்றி உறிஞ்சும். உடலுக்குள் அதை மாற்றி, மலக்குடல் சுரப்பியில் சேர்த்து, அந்தி மங்கும்போது சிறகடித்துப் பரப்பும். அந்த மணத்துக்குப் பெண் வரும். பல்போஃபில்லம் செய்ரி ஆர்க்கிட்டின் ஆடும் இதழ் இதே ஆண் ஈயை மகரந்தத்தின் பக்கம் சாய்த்துவிடும். வாய், காதல், பூ மூன்றும் ஒரே விடையில்! நம் ஊர் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் டான் கெங் ஹோங் பல ஆண்டுகள் ஆராய்ந்த விஷயம் இது. எழுதும்போது எனக்கே பெருமையாக இருந்தது.

அப்புறம்:
- கூட்டமாகப் படிக்காதீர்கள். படம் வரையத் தனிமை வேண்டும்.
- வீட்டு ஈயின் லேபெல்லத்தில் (வாயின் பஞ்சு போன்ற நுனி) சூடோட்ரக்கியாவைக் (திரவத்தை உறிஞ்சும் நுண்குழாய்கள்) கட்டாயம் குறியுங்கள்.
- பழைய கேள்வித்தாளில் ‘பப்பாயே’ என்ற பழ ஈ இனப் பெயர் இருந்தால் டோர்சாலிஸ் என்றே எழுதுங்கள். 2015இல் இரண்டையும் ஒரே இனமாகச் சேர்த்துவிட்டார்கள்.