மேல் அம்புக்குறிக்குப் பழகிய விரல்

போன ஆடிக் காற்றில் ஒரு நாள் மத்தியானம் பாளையங்கோட்டையில் கரண்ட் போனது. யூபிஎஸ் பேட்டரி செத்து ஆறு மாதம், மாற்றச் சோம்பல். சர்வரிலிருந்து இறக்கி வைத்த லாக் ஃபைல்களைக் காலையிலிருந்து துழாவி, கிரெப், ஆக், சார்ட் என்று டெக்ஸ்டைத் தேடி அடுக்கும் கமாண்டுகளை ஒன்றோடு ஒன்று ஒட்டி முழ நீளத்துக்கு ஒரு கமாண்டைத் தேற்றி வைத்திருந்தேன். கரண்ட் வந்ததும் பழைய கமாண்டைத் தேடும் கண்ட்ரோல் ஆர் அடித்தால் முந்தின நாள் கமாண்டுகள்தான் வருகின்றன. நாம் அடிக்கிற கமாண்டை வாங்கி ஓட்டும் புரோகிராமுக்கு ஷெல் என்று பேர், என்னுடையது பாஷ். அது அன்றைக்கு அடித்ததையெல்லாம் மெமரியில் வைத்துக்கொண்டு, ஷெல்லை மூடும்போதுதான் பழைய கமாண்டுகளின் பட்டியலான ஹிஸ்டரி ஃபைலில் எழுதும். இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை, அதுதான் கூடுதல் எரிச்சல்.

பக்கத்தில் அக்கா மகன் இருந்தான், இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம்.

"மாமா, இம்புட்டு நேரம் அடிச்சத ஒரு எடிட்டர்ல எழுதி சேவ் பண்ணிருக்கலாம்லா?"

"ஏல, அதுக்குத்தானல ஷெல்லுல ஹிஸ்டரி இருக்கு."

"எங்க மாமா இருக்கு?"

அவன் விளையாட்டாகக் கேட்டான். ஆனால் கமாண்டை ஞாபகம் வைப்பதும் திருத்துவதும் ஷெல்லின் வேலையா, இல்லை அது ஓடுகிற டெர்மினல் விண்டோவின் வேலையா என்பது பழைய சண்டை. 1970களின் கடைசியில் பில் ஜாய் எழுதிய சி ஷெல்லில்தான் ஹிஸ்டரி பிரபலமானது. மேலே போக அம்புக்குறியெல்லாம் கிடையாது, இரண்டு ஆச்சரியக்குறி போட்டால் கடைசிக் கமாண்டு திரும்ப ஓடும், ஆச்சரியக்குறியும் டாலரும் போட்டால் அதன் கடைசிச் சொல் மட்டும் வரும். பாதிப் பெயரை அடித்தால் மீதியை முடித்துக் கொடுக்கும் வசதியை டெனெக்ஸ் என்ற சிஸ்டத்தைப் பார்த்து கென் கிரீர் அதில் சேர்த்தார். அப்படி வளர்ந்த டிசிஷெல் பெயரில் இருக்கிற 'டி' அந்த டெனெக்ஸ்தான். 1989இல் பிரையன் ஃபாக்ஸின் பாஷ் வந்தது, அதோடு, அம்புக்குறியால் பழைய கமாண்டைக் கொண்டுவந்து திருத்த விடும் ரீட்லைனும் வந்தது. நம் விரலெல்லாம் பழகியது அதற்குத்தான்.

எதிர்க் கட்சி பெல் லேப்ஸ் என்ற அமெரிக்க ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்தது. அங்கே செய்த பிளான் 9 சிஸ்டத்தில் டாம் டஃப் எழுதிய ஆர்சி ஷெல்லுக்கு மேல் அம்புக்குறி என்றால் என்னவென்றே தெரியாது. ராப் பைக் எழுதிய ரியோ என்ற அதன் விண்டோ சிஸ்டத்தில் டெர்மினல் விண்டோவே ஒரு டெக்ஸ்ட் பக்கம் மாதிரி. மேலே கிடக்கும் பழைய கமாண்டை மவுஸால் பிடித்து, அங்கேயே திருத்தி, மெனுவில் 'செண்ட்' கொடுத்தால் ஓடும். ஷெல்லுக்கு ஒரு எடிட்டிங், டேட்டாபேஸ் கிளையண்டுக்கு ஒன்று, பைத்தானுக்கு ஒன்று என்று ஆளாளுக்கு ஏன் வைத்துக்கொள்ள வேண்டும், விண்டோவில் ஒரே தடவை செய்துவிட்டால் எல்லாருக்கும் ஆச்சே என்பது அவர்கள் வாதம். யோசித்தால் நியாயமாகத்தான் இருக்கிறது.

அந்த விண்டோவை லினக்ஸில் 9டெர்ம் என்ற பெயரில் ஓட்டலாம். வீம்புக்கு இரண்டு வாரம் அதிலேயே இருந்தேன். பிடித்த விஷயம், விடையும் டெக்ஸ்டாகக் கிடப்பதுதான். பாஷ் ஹிஸ்டரி நான் கேட்டதை மட்டும் வைத்திருக்கும், அது சொன்ன பதிலை வைத்திருக்காது. இங்கே, ஃபைல்களைப் பட்டியலிடும் எல்எஸ் காட்டிய பெயரை அப்படியே உருவி அடுத்த கமாண்டில் வைக்கலாம். அப்புறம் இன்னொன்று, மேல் அம்புக்குறியைக் கண்ணை மூடிக்கொண்டு தட்டுகிற கெட்ட பழக்கத்துக்கு இடமில்லை. ஒரு தடவை மூன்று தட்டு தட்ட வேண்டிய இடத்தில் நான்கு தட்டி என்டர் போட்டு, ஒருத்தருடைய பில்லிங் டைரக்டரியையே அழித்திருக்கிறேன். பேக்கப் இருந்ததால் சாயங்காலம் வரைக்கும் சோலியோடு போனது.

ஆனால் போன மாதக் கமாண்டு வேண்டும் என்றால் அந்த விண்டோ கையை விரித்துவிடுகிறது, மூடினால் எல்லாம் போச்சு. ஃபைல் பெயரைக் கண்ட்ரோல் எஃப் அடித்தால் அதுவே முடித்துக் கொடுக்கும், சரி. கோடின் மாற்றங்களைச் சேர்த்து வைக்கும் கிட்டில் என்னென்ன பிராஞ்ச் இருக்கிறது என்று விண்டோவுக்கு எப்படித் தெரியும்? எங்கள் தெருப் பலசரக்குக் கடை அண்ணாச்சி, நான் "அரைக் கிலோ..." என்று இழுக்கும்போதே துவரம் பருப்பை அள்ளுவார், என் வீட்டுச் சமையல் அவருக்குத் தெரியும் என்பதால். பாஷில் பாதி அடித்து டேப் தட்டினால் நடப்பதும் அதுதான். அதை எடிட்டிங் என்று சொல்லி விண்டோவிடம் தள்ளிவிட முடியாது.

தமிழுக்கு வந்தால் இரண்டு கட்சியுமே தோல்வி. எல்லா மொழி எழுத்தையும் பைட்டாக்கும் யூடிஎஃப் 8ஐ 1992இல் பிளான் 9க்காக உருவாக்கியதே கென் தாம்சனும் ராப் பைக்கும்தான், ஆனாலும் 9டெர்மில் ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது. சாதாரண டெர்மினலில் கர்சர் ஓர் இடத்தில் நிற்கும், அழிவது வேறொரு இடமாக இருக்கும். இதைவிடப் படுத்தியது 'கொள்முதல்' என்று ஒரு ஃபைல். 'கொ' அடித்து டேப் தட்டினால் அசையவே இல்லை. பார்த்தால், பழைய மேக்கிலிருந்து வந்த ஃபைல், அதில் ஒகரக் குறி ஒற்றைக்கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகக் கிடக்கிறது, என் கீபோர்டு அதையே ஒரே குறியாக அடிக்கிறது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், ஷெல் பைட்டைத்தானே பார்க்கிறது. வெறும் 'க' அடித்து டேப் போட்டால் வந்துவிட்டது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு ராத்திரி.

இப்போது பாஷுக்கே திரும்பிவிட்டேன். கமாண்டு ஒவ்வொன்றும் முடிந்ததும் அதை உடனே ஃபைலில் எழுதும் ஹிஸ்டரி மைனஸ் ஏ ஓடும்படி பிராம்ப்ட் கமாண்ட் என்ற செட்டிங்கில் போட்டாயிற்று, இனி கரண்ட் எப்போது வேண்டுமானாலும் போகட்டும். நீளமாகப் போகிற கமாண்டுக்குக் கண்ட்ரோல் எக்ஸ், கண்ட்ரோல் ஈ. அடித்துக்கொண்டிருக்கும் வரி அப்படியே எடிட்டரில் திறக்கும், திருத்தி சேவ் செய்து மூடினால் ஓடும். தனி விண்டோவில் திறக்கிற எடிட்டரை அதற்கு வைத்திருக்கிறேன், அதில் கர்சர் 'கொ'வை ஒரே எழுத்தாகத் தாண்டுகிறது. தமிழ்ப் பெயர் வருகிற கமாண்டெல்லாம் இப்போது அந்த வழியாகத்தான்.