முட்டுக் கொடுத்தவர் பேரைக் காணோம்

படிக்கட்டில் இறங்கத் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே அப்பா நின்றுவிட்டார். முழங்கால் பிடித்துக்கொண்டதோ என்று பதறிக் கையைப் பிடிக்கப் போனேன். அவர் கைப்பிடிக் கட்டையைத் தடவிக்கொண்டிருந்தார். விரல் கணுவால் இரண்டு தட்டு தட்டி, காதைப் பக்கத்தில் கொண்டுபோய்க் கேட்டார்.

“முழுக்க மரம்தான் பாப்பா. மேலேருந்து கீழ வரைக்கும்.”

பின்னால் வந்தவர்களுக்கு வழிவிட்டுச் சுவரோரமாக ஒதுங்கி நின்றோம். போலந்தில் கிராக்கோவ் நகரத்துக்குப் பக்கத்திலிருக்கும் வியெலிச்கா உப்புச் சுரங்கம். தனிலோவிச் என்ற பழைய குழி வழியாக 380 மரப்படிகள் இறங்கினால் 64 மீட்டர் ஆழத்தில் முதல் தளம் வருகிறது. சதுரமாகச் சுற்றிச் சுற்றி இறங்கும் படிக்கட்டு அது. நடுவிலிருக்கும் இடைவெளியில் எட்டிப் பார்த்தால், அடுத்தடுத்த சுற்றுகள் ஒன்றுக்குள் ஒன்றாகச் சிறுத்துக்கொண்டே போகும். எனக்குத் தலை சுற்றியது. அப்பாவுக்கு அப்படி எதுவும் இல்லை. ஐம்பது வருடம் தச்சு வேலை பார்த்தவர். ஓட்டு வீட்டுக் கூரை மேல் ஏறி உட்கார்ந்து சட்டம் அடித்தவர்.

வேலைக்காக நான் இங்கே வந்து மூன்று வருடம் ஆகிறது. அப்பா என்னோடு ஒரு மாதம் இருக்க வந்திருந்தார். கோட்டை, தேவாலயம், சதுக்கம் எல்லாம் பார்த்தாயிற்று. எல்லாவற்றையும் மரியாதையாகப் பார்ப்பார், “நல்லாருக்கும்மா” என்பார், அதோடு சரி. இந்தச் சுரங்கத்தில்தான் முதல் முறையாக அவராகவே பேச ஆரம்பித்தார். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கிராக்கோவிலிருந்து ரயிலில் அரை மணி நேரம்கூட ஆகாது. நிலையத்தின் பெயரிலேயே சுரங்கம் என்ற சொல் இருக்கிறது, வழி தவற வாய்ப்பில்லை. உள்ளே தனியாகச் சுற்ற விடமாட்டார்கள், வழிகாட்டியோடுதான் போக வேண்டும். எங்கள் குழுவுக்கு வந்தவர் நடுத்தர வயதுப் பெண், அழுத்தமான ஆங்கிலம். அவர் சொல்வதை நான் அப்பாவுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே நடந்தேன். கீழே போனதும் சுரங்கத் தொழிலாளர்களின் வணக்கத்தைச் சொல்லிக்கொடுத்தார். “ஷ்செஞ்ச் போஜே”. கடவுள் துணையிருக்கட்டும் என்கிற மாதிரி. அப்பா அதை இரண்டு முறை வாய்க்குள் சொல்லிப் பார்த்துவிட்டுக் கைகூப்பி “வணக்கம்” என்றார். அந்த அம்மாவும் உடனே கைகூப்பினார்.

உப்பு என்றதும் வெள்ளைவெளேரென்று இருக்கும் என நினைத்துப் போனேன். அப்படி இல்லை. களிமண்ணும் மணலும் கலந்து சாம்பலும் பச்சையும் சேர்ந்த நிறம். பார்வைக்குக் கருங்கல் மாதிரிதான் இருக்கிறது. விளக்கு பக்கத்திலிருக்கும் இடத்தில் மட்டும் உள்ளுக்குள் வெளிச்சம் ஊறினாற்போல் மினுங்குகிறது. “சந்தேகமிருந்தால் நக்கிப் பாருங்கள்” என்றார் வழிகாட்டி. அப்பா சுவரில் விரலைத் தேய்த்து நாக்கில் வைத்தார். “கரிக்குது” என்று தலையாட்டினார். சுமார் 1.35 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே இருந்த கடல் வற்றிப் படிந்த உப்பாம். 13ஆம் நூற்றாண்டிலிருந்து இதைப் பாறையாகவே வெட்டி எடுத்திருக்கிறார்கள். ஒரு காலத்தில் போலந்து அரச கருவூலத்தின் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு உப்பிலிருந்துதான் வந்தது. வெட்டிய வழிகள் எல்லாவற்றையும் சேர்த்தால் 240 கிலோமீட்டருக்கு மேல், 327 மீட்டர் ஆழம், ஒன்பது தளங்கள். பயணிகளுக்குக் காட்டுவது அதில் மூன்றரைக் கிலோமீட்டர்தான்.

“அவ்வளவு வெட்டி எடுத்தா மேல இருக்கிற ஊரு எப்படி நிக்குது?” என்று கேட்டார் அப்பா.

அந்தக் கேள்வி அன்று முழுவதும் எங்களோடு வந்தது.

முதலில் காட்டியவற்றில் புனித அந்தோனியார் சிற்றாலயம் ஒன்று. 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் உப்புப் பாறையிலேயே செதுக்கியது. புனிதர்களின் சிலைகள் நிற்கின்றன, ஆனால் சில முகங்களில் கண்ணும் இல்லை, மூக்கும் இல்லை. வழவழவென்று கரைந்துபோய், நனைந்த சோப்புக் கட்டி மாதிரி. யாரும் உடைக்கவில்லை. வெளியிலிருந்து வந்த ஈரக்காற்று முன்னூறு வருடமாகத் தடவித் தடவிக் கரைத்தது. அப்பா அந்த முகங்களுக்கு முன் ரொம்ப நேரம் நின்றார்.

அதற்குப் பிறகுதான் கதவுகளின் அருமை எனக்குப் புரிந்தது. நடைபாதையில் அங்கங்கே கனமான மரக்கதவுகள். எல்லோரும் உள்ளே வந்து, பின்னால் இருக்கும் கதவை மூடிய பிறகுதான் வழிகாட்டி முன் கதவைத் திறப்பார். ஒருமுறை இரண்டும் சேர்ந்து திறந்துகொண்டபோது காற்று ஊளையிட்டு என் சால்வையை இழுத்துக்கொண்டு போயிற்று. காற்று எந்த வழியாகப் போக வேண்டும், எவ்வளவு ஈரத்தோடு போகலாம் என்பதில் இந்த இடத்தின் ஆயுள் இருக்கிறது. யுனெஸ்கோ 1978-ல் முதன்முதலாக வெளியிட்ட உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருந்த 12 இடங்களில் வியெலிச்காவும் ஒன்று. பதினோரு வருடம் கழித்து, 1989-ல், ஈரத்தால் சிற்பங்கள் அழிகின்றன என்று ஆபத்திலிருக்கும் இடங்களின் பட்டியலிலும் சேர்த்தார்கள். காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் கருவிகளை வைத்த பிறகு 1998-ல்தான் அதிலிருந்து எடுத்தார்கள்.

உப்புக்குத் தண்ணீர்தான் எமன். 1992-ல் ஒரு பக்கவாட்டுச் சுரங்க வழியில் தண்ணீரும் சேறும் பீறிட்டு உள்ளே பாய்ந்ததாம். மேலே நிலம் இறங்கி, ரயில் தண்டவாளம் வளைந்திருக்கிறது. அதை அடைக்க வருடக்கணக்கில் பாடுபட்டிருக்கிறார்கள். வணிகத்துக்காக உப்பு வெட்டுவதை 1996-ல் நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் கசிந்து வரும் உவர்நீரைச் சேர்த்து மேலே ஏற்றிக் காய்ச்சுவது நடந்துகொண்டுதான் இருக்கிறது. அதிலிருந்து கிடைக்கும் உப்பு விற்பனைக்கும் போகிறது. வெளியே எடுக்காவிட்டால் அது உள்ளேயே கரைத்துக்கொண்டு போகும்.

வழியில் எரிந்த அறை என்று ஒன்று. மேல்கூரையில் சேரும் மீத்தேன் வாயுவை, ஈரத் துணி போர்த்திக்கொண்டு தரையோடு தரையாக ஊர்ந்து போய், நீளக் கழியின் நுனியில் தீப்பந்தம் கட்டி எரித்தவர்களின் சிலைகள் அங்கே இருக்கின்றன. வாயு கொஞ்சமாக இருக்கும்போதே எரித்துவிட்டால் வெடிக்காது. கணக்குத் தவறினால் ஊர்ந்து போனவர் திரும்பி வரமாட்டார். அவர்களுக்குத் தவம் செய்வோர் என்று பெயர். வேறொரு அறையில் குதிரைகள் சுற்றிய பெரிய மரச் செக்கு போன்ற ஏற்றம். நூற்றாண்டுகளாகக் குதிரைகள் இங்கே கீழேயே வாழ்ந்து பாரம் தூக்கியிருக்கின்றன. கடைசிக் குதிரை 2002-ல்தான் மேலே வந்தது. அப்பா எதுவும் சொல்லவில்லை, ஏற்றத்தின் நுகத்தடி தேய்ந்திருந்த இடத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டு நின்றார்.

எல்லோரும் பார்க்க வருவது புனித கிங்கா ஆலயத்தை. 101 மீட்டர் ஆழத்தில், 54 மீட்டர் நீளத்தில் ஒரு முழு ஆலயம். பீடம், சிலை, சுவர்ச் சிற்பம் எல்லாம் உப்பு. சரவிளக்குகளில் தொங்குவதும் கண்ணாடி இல்லை, உப்புப் படிகம். யோசெப் மர்கோவ்ஸ்கி என்ற சுரங்கத் தொழிலாளி 1896-ல் தொடங்கினார். பிறகு அவர் தம்பி தோமாஷ். அவருக்குப் பிறகு அந்தோனி விரோடெக் 1963 வரை. மூவரும் சிற்பக் கல்லூரியில் படித்தவர்கள் இல்லை, சுரங்கத்தில் உழைத்தவர்கள். இயேசு சீடர்களோடு உண்ட கடைசி இராவுணவை விரோடெக் செதுக்கிய சிற்பத்துக்கு முன்னால்தான் கூட்டம் அதிகம். நேராக நின்று பார்த்தால் நீளமான ஒரு அறைக்குள் பார்ப்பது போல் இருக்கும், பக்கவாட்டில் போய்ப் பார்த்தால் ஆழம் கொஞ்சம்தான்.

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எண்கோணக் கல் பதித்த தளம் மாதிரி பளபளக்கிறது. கர்ச்சீப்பை விரித்து முட்டி போட்டு உட்கார்ந்தார். ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் நடுவிலிருக்கும் கோட்டில் நகத்தை ஓட்டினார். ஒரு முழம் தூரம் நகம் போயிற்று.

“இது ஒட்டு இல்ல பாப்பா. வெறும் கீறல். தரை மொத்தமும் ஒரே பாளம். கல்லு பதிச்ச மாதிரி கோடு மட்டும் போட்டிருக்கான்.”

வழிகாட்டியிடம் கேட்டேன். ஆமாம், தரையும் அதே உப்புப் பாறைதான், மேலிருந்து வெட்டிக்கொண்டே வந்து கீழே மிஞ்சியது என்றார். “உளி ஒரு தடவ வழுக்கினா போச்சு. மரத்துல தவறு வந்தா சிம்பு வெச்சு மறைக்கலாம், இதுல முடியாது” என்று சொல்லிவிட்டு அப்பா எழுந்தார். எழும்போது தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கோயிலில் செய்வது போல.

அதற்கப்புறம் வந்ததுதான் மிஹவோவிட்சே அறை. இதை எந்தப் படத்திலும் பார்த்து நான் மனதில் வைத்துக்கொண்டு வரவில்லை. சுமார் 35 மீட்டர் உயரம், பத்து மாடிக் கட்டடம் உள்ளே நிற்கலாம். 18ஆம் நூற்றாண்டில் உப்பை வெட்டி எடுத்துவிட்டு விட்ட வெற்றிடம். அந்த வெற்றிடம் நிறைய மரம். முழு முழு உருட்டுக் கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிய தூண்கள், அவற்றைப் பிணைக்கும் உத்தரங்கள், சாய்த்துக் கொடுத்த முட்டுகள், மேலே மேலே இருட்டு வரைக்கும். எல்லாவற்றுக்கும் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். விளக்கு மங்கலாக இருந்த காலத்தில் அந்த வெளிச்சம் பட்டுத் திரும்பட்டும் என்பதற்காக.

குழு நகர்ந்துவிட்டது. அப்பா நகரவில்லை. ஒரு தூணருகே போய்க் கட்டையைச் சாணளந்தார். விரலால் சுரண்டினார். சுண்ணாம்புக்கு மேல் உப்பு பூத்துப் பொரிப்பொரியாக இருந்தது. தட்டினார். மரச் சத்தம் வரவில்லை, கல்லைத் தட்டிய சத்தம் வந்தது.

“உப்பு ஏறிடுச்சு. இதுல செல் அரிக்காது, பூஞ்சை பிடிக்காது. நாள் ஆக ஆக இறுகும்.”

நாங்கள் காணோம் என்று வழிகாட்டி திரும்பி வந்தார். கோபமாக இருப்பாரோ என்று பயந்தேன். அப்பா தச்சர் என்று சொன்னதும் முகமே மாறிவிட்டது. உப்புப் பாறை மேலிருக்கும் பாரத்தால் மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும், அறைகள் நெருங்கிக்கொண்டே வரும், அதனால் விறைத்து நிற்கிற பொருளைவிட மரம் நல்லது, பாரம் கூடினால் நசுங்கிக் கொடுக்கும், முறிவதற்கு முன்னால் சத்தம் போடும் என்றார். நான் மொழிபெயர்த்து முடிப்பதற்குள் அப்பா தலையாட்டிவிட்டார்.

“மரம் முனகும். சொல்லிட்டுத்தான் உடையும்.”

பிறகு என்னைப் பார்த்து, “அங்க செதுக்கின மூணு பேரு பேரையும் சொன்னாங்கல்ல. இங்க முட்டுக் கொடுத்தது யாருன்னு கேளு” என்றார்.

கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தார். சுரங்கத் தச்சர்கள், தலைமுறை தலைமுறையாக, என்றார். பெயர் எதுவும் சொல்லவில்லை. அப்புறம் எங்களைச் சில அடி கூட்டிப்போய் ஒரு மூலையைக் காட்டினார். வெள்ளைக் கட்டைகளுக்கு நடுவே ஒன்று மட்டும் மஞ்சளாக, சுண்ணாம்பு படாமல் இருந்தது. அண்மையில் மாற்றியது. உப்பு வெட்டுகிறவர்கள் இப்போது இல்லை, தாங்கிப் பிடிக்கிறவர்கள் இன்றும் வேலைக்கு வருகிறார்கள் என்றார்.

அப்பா அந்தக் கட்டையோடு முகத்தை ஒட்டி மூச்சை இழுத்தார். நானும் பக்கத்தில் போனேன். அந்த வறண்ட உப்புக் காற்றில் பச்சை மரப் பிசின் வாசம். சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டு வந்து பட்டறை வாசலில் நிற்கும்போது அடிக்கிற அதே வாசம் இல்லை, அது தேக்கு, இது ஊசியிலை மரம். ஆனாலும் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. இருபத்தைந்து வருடம் நான் குடியிருந்த வீட்டின் உத்தரத்தைச் செதுக்கியவர் இவர். அதை ஒருநாளும் நிமிர்ந்து பார்த்து, எப்படிச் செய்தீர்கள் என்று நான் கேட்டதில்லை.

அதன் பிறகு கரும்பச்சை நிறத்தில் அசையாமல் கிடந்த உவர்நீர் ஏரிகள், பெரிய பெரிய அறைகள், கடை, உணவகம் எல்லாம் வந்தன. நன்றாகத்தான் இருந்தன. நான் பாதி பார்த்தும் பாராமலும், அப்பாவிடம் கூரைச் சட்டம் எப்படிக் கோப்பது, பாரம் எங்கே இறங்கும் என்று கேட்டுக்கொண்டே நடந்தேன். 135 மீட்டர் ஆழம் வரை போயிருந்தோம். திரும்ப ஏறப் படி இல்லை, சுரங்கத் தொழிலாளர்களின் லிஃப்ட்தான். இருட்டில் தோளோடு தோள் இடிக்க நின்றோம், காது அடைத்தது, அவ்வளவுதான், வெளிச்சம்.

போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். மொத்தம் சுமார் 800 படிகள், முழங்கால் சரியில்லாதவர்கள் யோசித்துப் போங்கள். உள்ளே 17, 18 டிகிரிதான், கோடையிலும் ஒரு சட்டை கூடுதலாக வேண்டும்.

ரயிலில் உட்கார்ந்ததும் அப்பா சுரங்கத்து நுழைவுச் சீட்டைத் திருப்பி, பேனா கேட்டார். கட்டைகளை அடுக்கிய விதத்தை வரைந்து, எங்கே ஏன் சாய்வு முட்டு கொடுத்திருக்கிறார்கள் என்று விளக்கினார். ரேகிஸ் என்ற இன்னொரு குழி வழியாகத் தலைவிளக்கு, சீருடை எல்லாம் கொடுத்துச் சுரங்கத் தொழிலாளி போலவே வேலை செய்யவிடும் தனிப் பாதை இருக்கிறது என்று அவரிடம் சொன்னேன். “மரவேலையும் குடுப்பானா?” என்றார். தெரியாது, கேட்டுப் பார்க்கலாம் என்றேன். அவர் ஊர் திரும்ப இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. வரும் சனிக்கிழமைக்கு இரண்டு சீட்டு எடுத்துவிட்டேன்.