முழுப் பதிவையும் பார்க்காமல் எழுதப்பட்ட செய்தி

2019 ஜனவரி 18ஆம் திகதி, வாஷிங்டன் லிங்கன் நினைவகத்தின் முன்னால், மேளம் தட்டிப் பாடிக்கொண்டிருந்த பழங்குடி முதியவர் ஒருவருக்கு எதிரே, ஜனாதிபதி ட்ரம்பின் ஆதரவுத் தொப்பி அணிந்த கென்டக்கி மாநிலப் பாடசாலை மாணவன் ஒருவன் புன்முறுவலோடு நின்றான். பரவிய காணொளியில் இருந்தது அவ்வளவுதான். ஆனால், மாணவர் கூட்டம் முதியவரைச் சூழ்ந்து இழிவுபடுத்தியதாகப் பெரிய ஊடகங்களெல்லாம் எழுதின. அந்த மாணவன் தன் தரப்பை அறிக்கையாக வெளியிடுவதற்குள் அவன் முகம் உலகம் முழுவதும் போய்ச் சேர்ந்துவிட்டது. பின்னர் கிடைத்த ஒன்றே முக்கால் மணி நேரப் பதிவோ, அதற்கு முன்பே வேறொரு குழு மாணவர்களை வசைபாடியதையும், முதியவர்தாம் அவர்களை நோக்கி நடந்து வந்ததையும் காட்டியது.

மாணவன் தரப்பு வாஷிங்டன் போஸ்டிடம் 25 கோடி டொலரும், சி.என்.என் நிறுவனத்திடம் 27.5 கோடி டொலரும் நட்டஈடாகக் கோரியது. இவ்விரு நிறுவனங்களும் 2020இலும், என்.பி.சி 2021இலும் தொகையை வெளியிடாமல் சமரசம் செய்துகொண்டன. நியூயோர்க் டைம்ஸ் உள்ளிட்ட ஐந்து நிறுவனங்கள் மீதான வழக்குகளை நீதிமன்றம் 2022 ஜூலையில் தள்ளுபடி செய்தது. மாணவன் தம் வழியை மறித்தான் என்று முதியவர் சொன்னது அவருடைய கருத்தே, மெய்பொய் சரிபார்க்கக்கூடிய கூற்று அன்று என்பது நீதிபதியின் முடிவு. 2023இல் மேன்முறையீட்டிலும் அது நிலைத்தது.

இத்தீர்ப்பை நான் குறைகூறவில்லை. கருத்துக்கெல்லாம் நட்டஈடு என்றால் எந்தச் செய்தியாளரும் பேனாவைத் தொட முடியாது. ஆனால், நீதிமன்றம் தலையிடாமல் விடும் அந்த இடத்தில்தான் ஆசிரியர் பீடத்தின் பொறுப்பு தொடங்குகிறது என்று உறுதியாக நம்புகிறேன்.

திருகோணமலையில் எனக்குத் தெரிந்த ஓட்டோக்காரர் ஒருவர், புறாத்தீவுக்குப் படகேறிய பயணிகளுக்காக நிலாவெளிக் கரையில் வெயிலில் காத்திருந்தார். காத்திருப்புக் கூலி முன்பே பேசி முடித்ததுதான். திரும்பி வந்தவர்கள் அதைத் தர மறுத்தபோது அவர் குரலை உயர்த்தினார். காணொளியில் அந்தக் குரல் மட்டுமே இருந்தது. செய்தித் தளம் ஒன்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல், ‘வெளிநாட்டவரிடம் கொள்ளை’ என்று தலைப்பிட்டது. ஓட்டோவின் பின்கண்ணாடியில் ஒட்டியிருந்த மகளின் பெயர் காணொளியில் தெளிவாகத் தெரிந்ததால், அவர் தரிப்பிடத்திலேயே நின்று அதை எழுத்தெழுத்தாக நகத்தால் சுரண்டி எடுத்தார்.

இலங்கையில் அவதூறைக் குற்றமாக்கிய சட்டப் பிரிவு 2002இல் நீக்கப்பட்டது. எழுதியதற்காக யாரும் சிறைக்குப் போகக் கூடாது என்பதால் அது நல்ல காரியமே. எஞ்சியிருப்பது மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈட்டு வழக்கு. நாள்கூலியை நம்பி வாழ்பவர் சட்டத்தரணிக்கும் தவணைகளுக்கும் எங்கே போவார்?

அந்தத் தளம் செய்தியைச் சத்தமில்லாமல் நீக்கிவிட்டது. திருத்தம் எதுவும் போடவில்லை. வாட்ஸ்அப் குழுக்களிலோ அது இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அவருக்காக நாங்கள் அனுப்பிய கடிதத்தில் பணம் கேட்கவில்லை. முதற்செய்தி வந்த அதே பக்கத்தில், அதே அளவுத் தலைப்பில், கூலி முன்பே பேசப்பட்டிருந்தது என்பதையும், அவரிடம் விசாரிக்காமல் செய்தி எழுதப்பட்டது என்பதையும் வெளியிட வேண்டும் என்றே கேட்டிருக்கிறோம்.