கடல் வணிகப் பாடத்தைக் காற்றிலிருந்து தொடங்குங்கள்

பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் தமிழ் மீடியத்தில் பள்ளி முடித்து, எம்.ஏ. வரலாறு படித்துக்கொண்டே கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வுக்கும் தயாராகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. பண்டைய இந்திய-ரோமானியக் கடல் வணிகத்தில் இத்தனை துறைமுகங்களை எப்படி நினைவில் வைப்பது? வழிகாட்டி நூல்களில் பட்டியல் போட்டுத் தந்துவிடுகிறார்கள். படித்த மறுநாளே நம் கரைத் தொண்டியும் எகிப்தின் பெரனிகேயும் கலந்துபோகும். எனக்குக் கைகொடுத்தது பருவக்காற்றுதான்.

ஒரு ஆண்டு நாட்காட்டியை எடுத்து, ஒரே ஒரு கப்பலை அதில் ஓடவிடுங்கள். எகிப்தின் அலெக்சாந்திரியாவிலிருந்து நைல் வழியாகக் கோப்டோஸ் என்ற ஊர். அங்கிருந்து ஒட்டகத்தில் 12 நாள் பாலைவனம் கடந்தால் செங்கடல் கரையில் பெரனிகே. ஜூலை வாக்கில் புறப்பட்டு, செங்கடல் வாயிலில் உள்ள ஒகேலிஸை விட்டால், தென்மேற்குக் காற்று 40 நாளில் சேரநாட்டுத் துறைமுகமான முசிறியில் சேர்த்துவிடும் என்கிறார் ரோமானிய எழுத்தாளர் பிளினி. அப்புறம் அவசரப்பட்டும் பயனில்லை. வடகிழக்குக் காற்று திரும்ப வேண்டும். டிசம்பர் வாக்கில்தான் திரும்பும் பயணம். நம் பாலக்காட்டுக் கணவாயில் ஆனியில் ஒரு திசையும் மார்கழியில் எதிர்த்திசையுமாக அடிக்கிற காற்றை அனுபவித்தவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

சரக்கையும் இந்தக் கப்பலிலேயே ஏற்றிப் படியுங்கள். வரும்போது பொன், வெள்ளி நாணயம், மது, பவளம். போகும்போது மிளகு, முத்து, தந்தம், மணிக்கற்கள். படியூர் பச்சைக்கல், கொடுமணல் மணிகள், வெள்ளலூரில் கிடைத்த ரோமானிய நாணயப் புதையல் என்று கொங்குநாட்டுச் சான்றுகளை வரைபடத்தில் குறித்தால், மேற்குக் கரைக்கு இறங்கும் தரைவழி நம் கணவாய் என்பது தானாகத் தெரியும். எகிப்தில் இறங்கும் சரக்குக்கு நான்கில் ஒரு பங்கு வரி. இந்த ஒரு எண்ணை மறக்காதீர்கள், லாபம் எவ்வளவு பெரிதாக இருந்திருக்க வேண்டும் என்பது அதிலேயே இருக்கிறது.

நமக்கு ஒரு வசதி உண்டு. பலர் அதைப் பயன்படுத்துவதே இல்லை. முசிறிக்கு வந்த யவனர் (கிரேக்க, ரோமானிய வணிகர்) கலம் 'பொன்னொடு வந்து கறியொடு பெயரும்' என்கிறது அகநானூறு 149. பலரும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். புறநானூறு 343-ஐயும் எடுங்கள். கலம் கொண்டுவந்த பொன்னைக் கழித்தோணிகள் கரைசேர்க்கின்றன என்று பரணர் பாடுகிறார். பெரிய கப்பல் ஏன் நேரே கரைக்கு வரவில்லை? முசிறியில் கப்பல் நிற்கும் இடம் கரையிலிருந்து தூரம், சரக்கைப் படகில்தான் ஏற்றி இறக்க வேண்டும் என்று குறைப்பட்டு எழுதுகிறார் பிளினி. ஒரே காட்சியைத் தமிழ்ப் புலவரும் ரோமானியரும் ஆளுக்கொரு பக்கம் நின்று சொல்கிறார்கள். கட்டுரை விடையில் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், திருத்துகிறவர் கவனிக்காமல் போக மாட்டார்.

நெட்டில் இந்த வணிகத்தைப் பற்றிய வெளிநாட்டுச் சான்றுகளின் காலவரிசைக் கேள்வி வரும். ஸ்ட்ராபோ, பெரிப்ளூஸ், பிளினி, தாலமி. இந்த வரிசை போதும். பெரிப்ளூஸ் என்பது பெயர் தெரியாத ஒருவர் எழுதிய கடல்வழிக் கையேடு, மற்ற மூன்றும் ஆசிரியர் பெயர்கள். பெரிப்ளூஸும் தாலமியும் கிரேக்கம், பிளினி லத்தீன். முசிறி வணிகத்துக்கான கடன் ஒப்பந்தம் உள்ள பாப்பிரஸ் (நாணல் தாள்) ஆவணம் கி.பி. 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, இப்போது வியன்னாவில் இருக்கிறது. அதன் மறுபக்கத்தில் ஹெர்மபோலன் என்ற கப்பலின் சரக்குக் கணக்கு. அதில் தந்தமும் கங்கைக்கரை நறுமணப் பொருளும் வருவதைக் கவனியுங்கள். முசிறியை வெறும் மிளகுத் துறைமுகம் என்று எழுதினால் விடை பாதிதான்.

வட பரவூர் அருகே பட்டணத்தில் 2007 முதல் நடந்த அகழாய்வில் மத்தியதரைக்கடல் ஜாடித் துண்டுகளும், படகுத்துறையும், மரத்தோணியும் கிடைத்திருக்கின்றன. ஆனாலும் பட்டணமே முசிறி என்று அடித்து எழுதிவிடாதீர்கள். 'முசிறியின் பகுதியாக இருக்கலாம் எனப் பலர் கருதுகின்றனர்' என்றே எழுதுங்கள். அதை ஏற்காத வரலாற்றாசிரியர்களும் இருக்கிறார்கள், விடைத்தாள் அவர்களில் ஒருவரிடமே போகக்கூடும்.