பொயிலர் மாற்றச் சொல்லும் விலையும் கடைசியில் கட்டும் காசும்

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்: வீடு உங்களுடையதா, வாடகையா? இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வழக்கமான வாடகை வீடு என்றால் பொயிலர் மாற்றும் செலவு உங்களுடையதல்ல. இங்கிலாந்தில் 1985ஆம் ஆண்டுச் சட்டமொன்றின் 11ஆம் பிரிவும், வேல்ஸில் 2016ஆம் ஆண்டுச் சட்டமொன்றும், வீட்டைச் சூடாக்கும் கருவியையும் சுடுதண்ணிக் கருவியையும் திருத்தி வைத்திருக்கும் பொறுப்பை வீட்டுச் சொந்தக்காரரிடமே விட்டிருக்கின்றன. ஆண்டுக்கொருமுறை காஸ் பரிசோதனை செய்வித்து, அதன் பத்திரத்தை 28 நாட்களுக்குள் உங்கள் கையில் தரவேண்டியவரும் அவரே. "தெரிஞ்ச அண்ணையின்ரை வீடு, எப்பிடிக் கேக்கிறது" என்று தயங்கி, புதிதாக வந்த பிள்ளைகள் கைக்காசைப் போட்டுத் திருத்துவது வேதனையான விஷயம். குறுஞ்செய்தியிலாவது எழுதிக் கேளுங்கள். திகதியோடு இருக்கும் எழுத்து பிறகு உதவும்.

சொந்த வீடு என்றால் கணக்கு வேறு. லண்டனிலும் சுற்றுவட்டாரத்திலும், தாங்கி இல்லாமல் வீட்டுச் சூட்டையும் சுடுதண்ணியையும் ஒரே பெட்டியால் தரும் பழைய கொம்பி பொயிலரைக் கழற்றி அதே சுவரில் புதுக் கொம்பி பூட்ட, எல்லாம் சேர்த்து பெரும்பாலும் 2,000 முதல் 3,000 பவுண் வரை போகும். அதில் பெட்டியின் விலை பாதிக்குக் கிட்டத்தான்: வூஸ்டர் பொஷ், வைலன்ட், ஐடியல் போன்ற பெயர் தெரிந்தவை 800இலிருந்து 1,500 வரை. மிச்சம் புகைக்குழாய், கறள் பொடியைப் பிடிக்கும் காந்த ஃபில்டர், தேர்மோஸ்டாற், பைப் கழுவும் வேலை, ஒரு நாள் அல்லது இரண்டு நாள் கூலி. மூன்று பேரிடம் விலை கேட்டால் 1,700, 2,400, 2,900 என்று வந்து நிற்கும். மூன்றிலும் பெட்டி ஒன்றாகவே இருக்கலாம். 1,700 சொன்னவர் எதை எழுதாமல் விட்டார் என்று பார்க்கத் தெரிந்தால்தான் எது மலிவு, எது மலிவில்லை என்பது விளங்கும்.

பெரும்பாலும் விடுபடுவது கழுவும் வேலை. இதை நீங்களே பார்த்து அறியலாம். ஹீற்றிங்கை நிறுத்தி ரேடியேற்றர் நன்றாக ஆறிய பிறகு, அதன் மேல்மூலையில் இருக்கும் சின்னத் திருகை அதற்குரிய சாவியால் கால் சுற்றுத் திறந்து, ஒரு வெள்ளைக் கோப்பையில் நான்கு கரண்டித் தண்ணி பிடியுங்கள். தெளிவாக வந்தால் நல்லது. மை போலக் கறுப்பாக வந்தால், அது ரேடியேற்றரின் உள்ளிரும்பு கறள் பிடித்து உதிர்ந்த பொடி. கோப்பைக்கு வெளியே ஒரு காந்தத்தை ஒட்டிப் பிடித்தால் பொடி அந்தப் பக்கமாக ஒதுங்குவதைக் கண்ணால் காணலாம். ரேடியேற்றரின் மேல்பக்கம் சுட்டு, கீழே நடுவில் குளிர்ந்து கிடந்தாலும் இதே கதைதான்.

புதுப் பொயிலருக்குள் தண்ணி சூடாகும் பாதை மிக ஒடுக்கமானது. பழைய கறள் தண்ணியை அதற்குள் விட்டால் அடைத்துக்கொள்ளும். இரண்டு மூன்று குளிர்காலத்தில் சத்தம் போடத் தொடங்கும், பிறகு நின்றுபோகும். கொம்பனிக்காரர் வந்து தண்ணியைச் சோதித்துப் பார்த்துவிட்டு, உத்தரவாதம் செல்லாது என்று சொல்லிப் போய்விடுவார். மருந்து ஊற்றிக் கழுவ 100 முதல் 150 பவுண், இயந்திரம் வைத்துக் கழுவ வீட்டின் அளவைப் பொறுத்து 400 முதல் 700. காந்த ஃபில்டர் பூட்டியபடி 100 முதல் 150. கழுவி முடித்ததும் கறள் பிடிக்காமல் தடுக்கும் திரவத்தையும் ஊற்ற வேண்டும். விலை எழுதித் தரும் குவோட்டில் "சிஸ்டம் ஃபிளஷ்" என்று மட்டும் எழுதியிருந்தால், மருந்தா இயந்திரமா என்று கேளுங்கள். வெறும் தண்ணியை ஓடவிட்டு வெளியேற்றுவதையும் சிலர் அந்தப் பெயரில்தான் எழுதுகிறார்கள்.

அடுத்தது அளவு. மூன்று அறை வீட்டைச் சூடாக்க 10 கிலோவாட்டே அநேகமாகப் போதும். கொம்பியில் 24, 30, 35 என்று போட்டிருப்பது சுடுதண்ணிக்காக. குளிர்காலத்தில் பைப்பில் வரும் தண்ணியை 35 பாகை கூட்டினால்தான் குளிக்கலாம். அந்தக் கணக்கில் 24 கிலோவாட் நிமிடத்துக்கு 10 லீற்றருக்குச் சற்றுக் குறைவாகவும், 30 ஏறக்குறைய 12 லீற்றரும், 35 ஏறக்குறைய 14 லீற்றரும் தரும். ஒரு சாதாரண ஷவருக்கு 8 லீற்றர் வேண்டும். ஆகவே பெரியவர் தலைக்குக் குளிக்கும்போது குசினியில் சுடுதண்ணி திறந்தால் சின்னக் கொம்பி திணறும்.

பெரிய கொம்பிக்கு 300 பவுண் கூடக் கொடுக்க முன்னர், குசினிக் குழாயின் கீழே 10 லீற்றர் வாளி ஒன்றை வைத்து, பச்சைத்தண்ணியை முழுதாகத் திறந்து நேரம் பாருங்கள். ஒரு நிமிடத்தில் நிறைந்தால் உங்கள் வீட்டுக்கு வருவதே 10 லீற்றர்தான். அதற்குமேல் எந்தப் பொயிலரும் தரமுடியாது, 40 கிலோவாட் வாங்கினாலும் சரி. 40 விநாடியில் நிறைந்தால் 15 லீற்றர், பெரிய கொம்பிக்கு அர்த்தமுண்டு. காலையில் எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கும் வெளிக்கிடும் நேரத்தில் அளந்தால்தான் உண்மை தெரியும்.

ஆறேழு பேர் இருக்கும் கூட்டுக் குடும்பம், இரண்டு குளியலறை என்றால் சுடுதண்ணி சேமிக்கும் சிலிண்டரை எறிந்துவிட்டுக் கொம்பிக்குப் போவதை ஒருமுறைக்கு இருமுறை யோசிக்க வேண்டும். சிலிண்டர் போனால் ஒரு அலுமாரி இடம் மிஞ்சும், சிலர் அதைச் சாமியறையாக்குவதும் உண்டு. ஆசை நியாயமானது, ஆனால் அந்த மாற்றம் 3,000 முதல் 4,500 வரை இழுக்கும், அதோடு யாரும் முன்கூட்டிச் சொல்லாத இரண்டு சிக்கல்கள் இருக்கின்றன. ஒன்று, கூரைக்குள் இருக்கும் தாங்கியிலிருந்து ஓடிய பழைய அமைப்பில் அழுத்தம் அரை பார் அளவுதான். கொம்பி பூட்டியதும் அது 1.5 பாருக்கு ஏறும். முப்பது வருடம் ஒரு துளி ஒழுகாத ரேடியேற்றர் அடுத்த கிழமையே மூட்டில் கசியத் தொடங்கலாம். அது பூட்டினவரின் பிழையல்ல. ஆனால் கசிந்தால் யார் செலவு என்பதை முதலே எழுத்தில் பேசிக்கொள்வது அவசியம். மற்றது, பம்ப் வைத்த பவர் ஷவர். அது தாங்கித் தண்ணியை உறிஞ்சத்தான் செய்யப்பட்டது. மெயின்ஸ் தண்ணியில் அதை இணைக்கக் கூடாது. கழற்றி வேறு ஷவர் போட வேண்டும், குவோட்டில் அது இருக்காது.

காஸ் பைப்பையும் அளந்துதான் விலை சொல்ல வேண்டும். பழைய பொயிலருக்கு 15 மில்லிமீற்றர் பைப் போதுமாக இருந்திருக்கலாம். 30 கிலோவாட் கொம்பிக்கு காஸ் மீற்றர் தூரத்தில் இருந்தால் 22 தேவைப்படும். பொயிலர் முழு வேகத்தில் எரியும்போது மீற்றருக்கும் பொயிலருக்கும் இடையில் 1 மில்லிபாருக்கு மேல் அழுத்தம் குறையக்கூடாது என்பது விதி. நிலப்பலகை கிளப்பிப் பைப் மாற்றுவது 200 முதல் 500 பவுண் வேலை. வீட்டுக்கு வராமல், படம் அனுப்புங்கள் போதும் என்று சொல்லி விலை தருபவர்கள் வேலைநாள் காலையில்தான் இதைக் கண்டுபிடிப்பார்கள். அப்போது பழைய பொயிலர் ஏற்கெனவே கழற்றி முற்றத்தில் கிடக்கும், நீங்கள் இல்லை என்று சொல்ல முடியாது.

2005 ஏப்ரலிலிருந்து இங்கே பூட்டப்படும் பொயிலர்கள் அநேகமாக எல்லாமே புகையின் நீராவியைத் தண்ணியாக்கி அந்தச் சூட்டையும் எடுத்துக்கொள்பவை. அந்தத் தண்ணி ஒரு பிளாஸ்டிக் பைப்பால் வெளியேற வேண்டும். பைப் வீட்டுக்குள்ளேயே குசினித் தொட்டியின் கழிவுக் குழாயில் சேர்ந்தால் பிரச்சினையில்லை. வெளிச்சுவரால் போகத்தான் வேண்டுமென்றால் 32 மில்லிமீற்றருக்குக் குறையாமல், குட்டையாக, நல்ல சரிவாக, உறை போட்டிருக்க வேண்டும். ஒல்லியான பைப்பை வெளியே நீட்டிவிட்டால் உறைபனி விழுந்த காலையில் உள்ளே பனிக்கட்டி அடைத்து, பொயிலர் குளுகுளு என்று சத்தம் போட்டு நின்றுவிடும். 2010 டிசம்பர் குளிரில் நாடு முழுக்க இப்படி நின்றன. அப்போது செய்ய வேண்டியது, வெளியே இருக்கும் பைப்பின் மேல் வெதுவெதுப்பான தண்ணியை மெதுவாக ஊற்றி, பொயிலரை ரீசெற் பண்ணுவது. கொதிதண்ணி ஊற்றினால் பைப் வெடிக்கலாம். இதற்குப் போய் 100 பவுண் கொடுத்து ஆளைக் கூப்பிடத் தேவையில்லை.

இனி ஆள். காஸ் வேலை செய்பவர் காஸ் சேஃப் பதிவேட்டில் இருக்க வேண்டும் என்பது சட்டம். 2009 ஏப்ரலிலிருந்து அதுதான் பதிவேடு, அதற்கு முன் இருந்த கோர்கி அட்டை இப்போது செல்லாது. படம் போட்ட அட்டையை வாங்கித் திருப்பிப் பாருங்கள். முன்பக்கத்தைக் காட்டித்தான் எல்லோரும் நீட்டுவார்கள். எந்த வேலைக்கு அனுமதி என்பது பின்பக்கத்தில்தான் இருக்கிறது. அடுப்புக்கு மட்டும் அனுமதி உள்ளவர் பொயிலரில் கைவைக்கக் கூடாது. அட்டை இலக்கத்தைப் பதிவேட்டின் தளத்தில் போட்டால் உடனே தெரிந்துவிடும்.

எங்கள் ஆட்களிடையே காசாகக் கொடுத்தால் 400 பவுண் குறைவு என்ற பேச்சு நிறைய ஓடுகிறது. நல்ல வேலைக்காரர்கள் எங்களிடம் இருக்கிறார்கள், தமிழில் கதைத்து விளங்கப்படுத்துவார்கள், அவர்களைத் தேடிப் பிடிப்பதில் தவறே இல்லை. ஆனால் பதிவு இல்லாதவர் பூட்டினால் புகைக்குழாயின் மூட்டு ஒன்று சரியாகப் பொருந்தாமல் போனாலும் வீட்டுக்குள் நச்சு வாயுவான கார்பன் மொனொக்சைட் வரலாம். அதற்கு மணமில்லை, நிறமில்லை. பிள்ளைகள் தூங்கும் வீடு. இந்த இடத்தில் 400 பவுண் பார்க்கவே கூடாது. இங்கிலாந்தில் 2022 ஒக்டோபரிலிருந்து புதுப் பொயிலர் பூட்டினால் கார்பன் மொனொக்சைட் அலாரமும் பொருத்த வேண்டும். 20 பவுண் அளவில்தான் வரும், குவோட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். காஸ் மணம் வந்தால் 0800 111 999க்கு அழையுங்கள், இரவு பகல் எந்நேரமும்.

பதிவுள்ளவர் வேலை முடித்து 30 நாட்களுக்குள் காஸ் சேஃப் பதிவேட்டுக்கு அறிவித்துவிடுவார். பிறகு கட்டட விதிச் சான்றிதழ் உங்கள் பெயருக்குத் தபாலில் வரும். அந்த ஒற்றைத் தாள் வீடு விற்கும்போது கட்டாயம் வேண்டும். 2005 ஏப்ரலுக்குப் பிறகு பூட்டிய பொயிலர் என்றால் வாங்குபவரின் சொலிசிற்றர் அதைக் கேட்பார். பொயிலர் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் பெஞ்ச்மார்க் என்ற படிவம் இருக்கும். கழுவியது, மருந்து ஊற்றியது, காஸ் அளவு எல்லாம் பூட்டினவர் அதில் நிரப்பிக் கையெழுத்திட வேண்டும். வெறுமையாக விட்டுப் போனால் உத்தரவாதம் கேட்கும்போது சிக்கல். பத்து வருட உத்தரவாதம் என்பதும் ஆண்டுக்கொருமுறை 80 முதல் 120 பவுண் கொடுத்து சேர்விஸ் செய்தால்தான். ஒரு வருடம் விட்டாலே கைவிரிக்க அவர்களுக்கு இடமுண்டு.

விலை எழுதும்போது வற் வரி சேர்த்ததா என்று கேளுங்கள். காஸ் பொயிலருக்கு 20 வீதம். 2,400 என்று சொன்னது 2,880 ஆகிவிடும். தனியாளாக வேலை செய்யும் சிறியவர் ஆண்டு வியாபாரம் 90,000 பவுணுக்குக் கீழே என்றால் வற் எடுக்காமலே இருக்கலாம். அது களவல்ல, அவருடைய விலை குறைவதற்கு நேர்மையான காரணம். முற்பணத்தைக் கிரெடிட் கார்டில் கட்டுங்கள். 100 பவுணுக்கு மேல் 30,000 வரையான பொருளுக்கோ வேலைக்கோ ஒரு பகுதியைக் கார்டில் கட்டியிருந்தாலும், ஆள் காணாமல் போனால் கார்ட் கொம்பனியிடம் முழுவதையும் கேட்கச் சட்டம் இடம் தருகிறது. மாதத் தவணையை மட்டும் நன்றாகக் கணக்குப் பாருங்கள். 2,500 பவுணை மாதம் 1 வீத வட்டியில் பத்து வருடத்துக்கு எடுத்தால் மாதம் 36 பவுண், கேட்கச் சின்னதாக இருக்கும். கட்டி முடிக்கும்போது 4,300.

அடுக்குமாடி லீஸ்ஹோல்ட் என்றால் சுவரில் புதுத் துளை போட, கட்டடத்தின் சொந்தக்காரரான ஃபிறீஹோல்டரின் எழுத்து அனுமதி முதலில். காஸுக்குப் பதிலாக மின்சாரத்தில் ஓடி வீட்டைச் சூடாக்கும் வெப்பப் பம்ப் போட நினைப்பவர்களுக்கு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 7,500 பவுண் அரச உதவி இருக்கிறது, 2027 மார்ச் 31 வரை வற் வரியும் இல்லை. சிலிண்டருக்கு இடமும் பெரிய ரேடியேற்றர்களும் வேண்டும் என்பதால் அதைத் தனியாக உட்கார்ந்து கணக்குப் பார்க்க வேண்டும். காலமும் விலையை மாற்றும். மே முதல் செப்ரெம்பருக்குள் பேசினால் ஆட்களிடம் நேரம் இருக்கும், வீட்டுக்கு வந்து அளந்து பார்ப்பார்கள். நவம்பரில் நின்றுபோன பொயிலரோடு பேரம் பேசமுடியாது.

பூட்டி முடிந்த அன்று ஆளை அனுப்ப முன்னர் ரேடியேற்றருக்குப் போகும் தண்ணியின் சூட்டைக் குறைத்துத் தரச் சொல்லுங்கள். பலர் 75, 80 பாகையில் விட்டுப் போகிறார்கள். திரும்பி வரும் தண்ணி 55க்குக் கீழே இருந்தால்தான் பொயிலர் நீராவிச் சூட்டை எடுக்கத் தொடங்கும். கொம்பியில் 60 வைத்தால் பெரும்பாலான வீடு நன்றாகவே சூடாகும், காஸ் பில்லும் குறையும். சிலிண்டர் இருந்தால் மட்டும் சேமித்த தண்ணி 60 பாகை இருக்கவேண்டும், கிருமி வளராமல் இருப்பதற்காக. அப்படியே அழுத்த முள் குளிர்ந்த நிலையில் 1க்கும் 1.5க்கும் நடுவில் நிற்கிறதா என்று பார்த்து, குறைந்தால் எந்தக் குழாயைத் திறந்து ஏற்றுவது என்பதைக் கைபேசியில் வீடியோவாக எடுத்து வையுங்கள். மாதம் ஒருமுறை ஏற்ற வேண்டி வந்தால் பெரும்பாலும் எங்கோ ஒழுகுகிறது. உத்தரவாதக் காலத்துக்குள்ளேயே கூப்பிடுங்கள்.