ஐஸ் தண்ணீரில் வைத்த ரத்தப் பரிசோதனைக் குழாய்

ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதியில், ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரத்திலிருந்து தனாமி சாலையில் பல மணி நேரம் போனால் வரும் வார்ல்பிரி என்ற பழங்குடி மக்களின் ஊர் ஒன்றில் மூன்று வருடம் மருத்துவச்சியாக வேலை பார்த்தேன். ஊர் பெயரும் ஆட்களின் பெயரும் வேண்டாம். அங்கே எல்லோருக்கும் உறவுமுறையைச் சொல்லும் ஒரு பெயர் உண்டு. எனக்கும் ஒன்று வைத்தார்கள்: நங்கலா. நீரிழிவுக்கு அங்கேயும் நம்மைப் போல 'சுகர்' என்றுதான் சொல்கிறார்கள்.

அங்கே என்னிடம் வந்த ஒரு பெண்ணுக்கு வயது 23, இரண்டாவது கர்ப்பம். ஆரம்பத்தில் எடுத்த சோதனையில் ஒன்றும் இல்லை. 26-ஆம் வாரம் குளுக்கோஸ் சோதனை செய்ய வேண்டும். இரவு முழுக்கச் சாப்பிடாமல் காலையில் வந்து ரத்தம் கொடுத்து, 75 கிராம் குளுக்கோஸ் கரைசலைக் குடித்து, இரண்டு மணி நேரம் நகராமல் உட்கார வேண்டும். முதல் தடவை, ஒரு சாவுக்காகக் குடும்பமே வேறு ஊருக்குப் போய்விட்டது. அங்கே துக்கம் என்றால் வாரக்கணக்கில் நடக்கும். அதைவிடப் பெரிய வேலை கிடையாது. இரண்டாம் தடவை குடித்ததை வாந்தி எடுத்துவிட்டாள். என் மகனைச் சுமந்தபோது எனக்கும் சுகர் வந்தது, அந்தக் கரைசலின் தித்திப்பு தெரியும் என்பதால் அவளை ஒரு வார்த்தை சொல்ல மனம் வரவில்லை. மூன்றாம் தடவை அவள் பாட்டி கூடவே வந்தார். தாய்வழிப் பாட்டியை அங்கே ஜாஜா என்பார்கள். ஜாஜா இரண்டு மணி நேரமும் அவள் முதுகைத் தடவிக்கொண்டு கதை சொன்னார். சோதனை முடிந்தது.

முடிவு வந்தது: வெறும் வயிற்றில் 5.0 (அங்கே லிட்டருக்கு மில்லிமோல் கணக்கு). அப்போது வெறும் வயிற்றில் 5.1-ஐத் தொட்டால் கர்ப்பகால நீரிழிவு (2025-இல் இந்த எல்லையை 5.3 என்று மாற்றிப் பரிந்துரைத்திருக்கிறார்கள். நம் ஊர்க் கணக்கில் 5.1 என்பது 92). கம்ப்யூட்டரில் 'இயல்பு' என்று இருந்தது.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. ரத்தம் எடுத்த பிறகும் குழாய்க்குள் இருக்கும் அணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். வழக்கமான ஃபுளோரைடு குழாயில் இருக்கும் மருந்து அதை உடனே நிறுத்தாது, முதல் ஒன்றிரண்டு மணி நேரம் அளவு இறங்கிக்கொண்டுதான் இருக்கும். நகரத்து ஆஸ்பத்திரியில் லேப் பக்கத்து அறையில் இருக்கும், அணுக்களை உடனே பிரித்துவிடுவார்கள். எங்கள் குழாய்கள் வெயிலில் காத்திருந்து, சின்ன விமானம் ஏறிப் போக வேண்டும். மேற்கு ஆஸ்திரேலியாவின் கிம்பர்லி பகுதியில் நடந்த ஆர்க்கிட் ஆய்வும் இதைத்தான் சொன்னது: நோய் இருந்தும் பல பெண்களுக்கு இல்லை என்று முடிவு வந்துவிடுகிறது.

அதனால் விரல் நுனியில் குத்திப் பார்க்கும் கருவியைக் கையில் கொடுத்து, ஒரு வாரம் தினமும் பார்க்கச் சொன்னேன். காலையில் 5.9, 6.2, 6.0. வீடியோவில் டாக்டரிடம் காட்டினோம். மெட்ஃபார்மின், அப்புறம் இரவில் இன்சுலின்.

இன்சுலினுக்கு ஃபிரிட்ஜ் வேண்டும். அவள் வீட்டு மின்சாரம் முன்பணம் கட்டும் மீட்டரில் ஓடுவது. காசு தீர்ந்தால் ஃபிரிட்ஜும் நின்றுவிடும். கோடையில் வெளியே 40 டிகிரிக்கு மேல். கையிருப்பைக் கிளினிக்கில் வைத்துக்கொண்டோம். பயன்பாட்டில் இருக்கும் இன்சுலின் ஊசிப் பேனாவைத் தண்ணீரில் நனைத்தால் குளிர்ச்சி தரும் துணிப்பையில் போட்டுக் கொடுத்தேன். பையை நனைப்பது ஜாஜாவின் பொறுப்பு. ஒருநாள்கூட அவர் தவறவில்லை.

சாப்பாட்டு அட்டவணை என்று நகரத்திலிருந்து வந்த தாளில் இருந்த காய்கறிகளில் பாதி ஊர்க் கடையில் கிடையாது, இருப்பதும் வாடியிருக்கும், விலையும் அதிகம். குளிர்பானமும் வெள்ளை பிரெட்டும் எப்போதும் உண்டு. ஒரு காலத்தில் மிஷன்களிலும் மாட்டுப் பண்ணைகளிலும் இந்த மக்களுக்கு ரேஷனாகக் கொடுத்தது மாவு, சர்க்கரை, தேயிலை. அதைப் பழக்கிவிட்டவர்கள் யார் என்பதை மறந்துவிட்டு அந்தப் பெண்ணிடம் 'ஏன் இதைச் சாப்பிடுகிறாய்' என்று கேட்பது அநியாயம். தாளை ஓரமாக வைத்துவிட்டு, குளிர்பானத்தை மட்டும் நிறுத்தச் சொன்னேன். ஜாஜா தணலில் கங்காரு வால் சுட்டுக் கொடுத்தார்.

எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது பயணம். பிரசவத்துக்குச் சில வாரம் முன்பே நகரத்துக்குப் போய் விடுதியில் காத்திருக்க வேண்டும். அவளுக்கு 37-ஆம் வாரம் என்று டாக்டர் சொன்னார். துணைக்கு ஆள் வேண்டும் என்று கேட்டோம், முதலில் மறுத்துவிட்டார்கள். விமானம் வந்த அன்று அவள் ஏறவில்லை. பெரிய குழந்தைக்கு நாலு வயது, அக்கா நகரத்தில் தனியாகப் பெற்றுக்கொண்ட கதை வேறு மனதில் இருந்தது. இப்படி நடந்தால் கோப்பில் 'ஒத்துழைக்கவில்லை' என்று எழுதுவது வழக்கம். நான் 'துணைக்கு அனுமதி கிடைக்காததால் போகவில்லை' என்று எழுதினேன். மூன்றாவது போனில் அனுமதி கிடைத்தது. ஜாஜா ஒரு போர்வையையும் தேநீர்க் கெட்டிலையும் எடுத்துக்கொண்டு அடுத்த விமானத்தில் அவளோடு ஏறினார்.

கிளம்பும் முன் சீம்பாலைக் கையால் பிழிந்து சின்னச் சிரிஞ்சுகளில் பிடித்து உறைய வைத்திருந்தாள். ஒவ்வொன்றிலும் சில துளிதான், மஞ்சளாக, தேன் மாதிரி. சுகர் உள்ள தாய்க்குப் பிறக்கும் குழந்தை வயிற்றுக்குள் அதிக இன்சுலின் சுரந்து பழகியிருக்கும். கொடி அறுந்ததும் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். அவள் மகள் 3.9 கிலோ. குதிகாலில் குத்திப் பார்த்தபோது 2.3, குறைந்தது 2.6 இருக்க வேண்டும். அந்தச் சிரிஞ்சுகளைக் கொடுத்து, உடனே தாய்ப்பாலும் கொடுத்தார்கள், அளவு ஏறியது. குழந்தையைத் தாயிடமிருந்து பிரித்து வேறு வார்டுக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கவில்லை. ஜாஜா போனில் இதைச் சொன்னபோது நான் கிளினிக்கின் மருந்து அறையில் நின்று அழுதேன்.

நாலு மாதம் கழித்து, கடந்த சில மாதங்களின் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி சோதனை எடுத்தோம். 5.8 சதவீதம். நீரிழிவு இல்லை, ஆனால் வருடா வருடம் பார்க்க வேண்டும். அன்று அவள் தனியாக வரவில்லை. 25 வாரக் கர்ப்பமாக இருந்த தங்கையையும் காலை ஏழு மணிக்கு வெறும் வயிற்றோடு கூட்டி வந்திருந்தாள். அதே பெஞ்சில் உட்கார்ந்து, "குடித்ததும் குமட்டும், என் தோளில் சாய்ந்துகொள்" என்று தங்கையிடம் சொன்னாள். குழாய்க்குள் சர்க்கரை வேகமாக இறங்காமல் இருக்க, நான் ஐஸ் தண்ணீர் நிறைத்த டப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முதல் குழாயை எடுத்தேன்.